சட்டப்படி ஒரு நாய்த்தலை

அரசாங்க வேலையில் புதிதாகச் சேர்கிறவனுக்கு ஒரு வியாதி வரும். எதைப் பார்த்தாலும் சட்டம் பேசுவான். தெருக்குழாயில் யாராவது வரிசை மாறினால் சட்டம், பக்கத்து வீட்டுக் கோழி நம் வாசலில் கிளறினால் சட்டம். பெரும்பாலானவர்களுக்கு ஒரு இன்கிரிமென்ட் வாங்குவதற்குள் தானாகவே சரியாகிவிடும். எனக்கு அது முற்றிப் போய், ஒரு நாய்த்தலையில் வந்து நின்றது.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. ஆவடியில் சேக்காட்டில் எங்கள் வீடு. தாத்தா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். நைனாதான் முதன்முதலில் பீரங்கி வண்டித் தொழிற்சாலையில் சேர்ந்து பெயிண்டர் ஆனார். நான்தான் முதன்முதலில் மேசை நாற்காலியில் உட்கார்ந்தேன். (மேசைக்கு ஒரு கால் ஆடும். அதை நான் வீட்டில் சொல்லவில்லை.) ஒரு சுகாதார அலுவலகத்தில் இளநிலை உதவியாளன். வேலை நிரந்தரமாக வேண்டும் என்றால் துறைத் தேர்வு எழுத வேண்டும். அதற்கான விதிப் புத்தகத்தில் தொற்றுப் பொருள்கள், நச்சுப் பொருள்கள் ஆகியவற்றை எப்படி வைத்திருப்பது, எப்படிக் கட்டுவது, எப்படி அனுப்புவது என்று ஒரு பகுதி உண்டு. அதை நான் குளிக்கும்போதும் ஒப்பித்தேன், சாப்பிடும்போதும் ஒப்பித்தேன்.

ஒப்பித்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டில் அமல்படுத்தவும் ஆரம்பித்தேன். நச்சுப் பொருளைப் பூட்டி வைக்க வேண்டும், சாவி பொறுப்பான அதிகாரியிடம் இருக்க வேண்டும் என்று விதி. ஆகவே அம்மா வாங்கி வைத்திருந்த எலி மருந்தை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டேன். எங்கள் வீட்டில் பொறுப்பான அதிகாரி நான் ஒருவன்தானே. அன்றைக்கு எலிகள் அரிசி மூட்டையில் இரண்டாவது வாசல் திறந்தன.

"இவன் உத்தியோகத்துக்குப் போறதுக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்தான்," என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லி வருத்தப்பட்டாள்.

இந்த லட்சணத்தில் என் தங்கை கமலாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை தணிகாசலம், அம்பத்தூர் எஸ்டேட்டில் மெஷின் ஆபரேட்டர். பூந்தமல்லிக்காரர். தங்கமான மனிதர், ஆனால் பொறுமை கொஞ்சம் கம்மி. எங்கள் வீட்டில் பந்தக்கால் நட்ட மறுநாளே ஷிஃப்ட் முடிந்து நேரே சேக்காட்டுக்கு வந்துவிட்டார். முன்வாசலில் வந்தால் நாலு பேர் கேட்பார்கள் என்று கொல்லைப்புறப் படலைத் திறந்துகொண்டு வந்தார். கையில் ஒரு நூல். கமலாவின் கால்விரலுக்கு மெட்டி அளவு எடுக்க வேண்டுமாம். (மெட்டி அளவைத் தட்டான் எடுத்துப் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது.)

கிணற்றடியில் கமலா நிற்க, இவர் குனிந்து காலைப் பிடித்திருக்கிறார். எங்கள் நாய் மணி இதைப் பார்த்தது. யாரோ ஒரு ஆள் வேலியைத் தாண்டி வந்து வீட்டுப் பெண்ணின் காலைப் பிடிக்கிறான் என்றால் ஒரு நாய் என்ன முடிவுக்கு வரும்? குனிந்திருந்த மனிதரின் உடம்பில் எந்த இடம் வசதியாகக் கிடைத்ததோ, அந்த இடத்தில் நன்றாகக் கடித்துவிட்டது.

அதோடு போயிருந்தால் டிங்சர் போட்டு மூடியிருக்கலாம். ஆனால் மறுநாள் காலையில் மணி ரோட்டுக்குப் போய் ஒரு லாரியில் அடிபட்டுச் செத்தது. அங்கேதான் சிக்கல். ஆஸ்பத்திரி டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். கடித்த நாய் உயிரோடு இருந்தால் பத்து நாள் கட்டி வைத்துப் பார்க்கலாம். செத்துப் போனதால் அதற்கு வெறி இருந்ததா இல்லையா என்று அதன் மூளையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கிண்டிப் பக்கம் அரசாங்க ஆய்வுக்கூடம் இருக்கிறது, நாயின் தலையைக் கெட்டுப் போவதற்குள் அங்கே சேர்த்துவிட வேண்டும். அதுவரை காத்திராமல் தொப்புளைச் சுற்றி ஊசியை ஆரம்பித்துவிட வேண்டும், மொத்தம் பதினான்கு. வெறி இல்லை என்று பதில் வந்தால் நிறுத்திவிடலாம்.

தணிகாசலத்தின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பின்னால் கடி, முன்னால் ஊசி. மல்லாந்தும் படுக்க முடியாது, குப்புறவும் படுக்க முடியாது. அதைவிடப் பெரிய கவலை அவருக்கு வேறு இருந்தது. முதல் ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், எங்கம்மாவுக்கு மட்டும் இது தெரியவே கூடாது. கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணு ஊட்டுக் கொல்லையில உனக்கு இன்னாடா வேலைன்னு கேட்டா நான் இன்னா சொல்றது? அது ஒரு மாதிரி. கோவம் வந்தா பத்திரிகை அடிச்சதெல்லாம் பாக்காது, கல்யாணத்தையே நிறுத்திடும்."

வீட்டுக்கு வந்தால் கமலா அடுப்படியில் அழுதுகொண்டிருந்தாள். "அண்ணா, வெறிநாய் கட்ச்சவங்க தண்ணியப் பாத்தா பயப்படுவாங்களாமே. அன்னிக்கு அவருக்கு சோடா குட்த்தேன், வேணான்னு சொல்ட்டாருண்ணா." சோடா பிடிக்காதவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் என்று நான் சமாதானம் சொன்னேன். அவளுக்குக் கல்யாணம் நடக்க வேண்டும், அந்த மனுஷன் நல்லபடியாக இருக்க வேண்டும். அந்த ஒரு தலை கெடாமல் போய்ச் சேர்ந்தால் போதும் என்று எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டேன். அந்தப் பொறுப்பை வேறு யாரிடமாவது கொடுத்திருந்தால் அந்தச் சாமிகளுக்கும் வேலை குறைந்திருக்கும்.

கால்நடை ஆஸ்பத்திரியில் தலையை எடுத்து, ரெக்சினில் சுற்றிக் கட்டி, ஒரு வனஸ்பதி டின்னில் வைத்து மூடிக் கொடுத்தார்கள். "ஒரு பையில ஐஸ் போட்டு இத்த உள்ள வெச்சிகினு ஓடிப் போயிடு தம்பி. மத்தியானத்துக்குள்ள சேர்த்துடு," என்றார் அங்கிருந்த ஊழியர்.

எனக்கு வந்ததே கோபம். தொற்றுப் பொருளைப் பையில் போட்டுக்கொண்டு ஓடுவதா? விதி என்ன சொல்கிறது? கசியாத ஒரு பாத்திரம், அதற்கு வெளியே இன்னொரு பாத்திரம், நடுவில் ஈரத்தை உறிஞ்சுகிற பொருள், மேலே முத்திரை, எவர் கண்ணுக்கும் தெரிகிற எச்சரிக்கை. அவருக்கு இதையெல்லாம் ஒப்பித்துக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டு, "சரிப்பா, நல்லா இரு," என்று உள்ளே போய்விட்டார்.

வீட்டில் கமலாவின் சீர்ப் பலகாரத்துக்காக வாங்கிய புது டின்கள் மூடியோடு பளபளவென்று அடுக்கி இருந்தன. அதில் ஒன்றை எடுத்தேன். வனஸ்பதி டின்னின் மூடியைச் சுற்றி ஈயம் வைத்துப் பற்ற வைத்தேன். மரக்கடையில் மரத்தூள், ஐஸ் கம்பெனியில் ஐஸ். சின்ன டின் பெரிய டின்னுக்குள் இறங்கியது. மூடி, சணல் கட்டி, அரக்கு உருக்கி முத்திரை வைத்தேன். (அரக்கு ஆபீசினுடையது. காரியமும் அரசாங்கக் காரியம்தான் என்று மனசாட்சிக்குக் குறிப்பு எழுதினேன்.) எச்சரிக்கை எழுதும் வேலை நைனாவுக்கு. பீரங்கி வண்டிக்கும் பெயிண்ட் அடித்த கை. சிவப்பு பெயிண்டில் ஒரு மண்டையோடு, கீழே குறுக்கே இரண்டு எலும்பு, அதற்குக் கீழே "அபாயம். தொற்றுப் பொருள். திறக்காதே" என்று வரைந்தார். வேலையில் மனம் லயித்துப்போய் மண்டையோட்டுக்குப் பல்வரிசை வேறு போட்டார். அது எங்களைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது.

இதற்கே காலை போய்விட்டது. அதற்குள் அம்மா வந்தாள்.

"இன்னாடா இது? பந்தக்கால் நட்ட ஊட்லேர்ந்து செத்த பொருள் வெளிய போவுது, அதுவும் சீரு டின்னுல, அதும் மேல மண்டையோடு. உனுக்குப் புத்தி கீதா சம்முவம்?"

"சட்டம்மா."

"சட்டம்லாம் உன் ஆபீசுல வெச்சிக்கோ."

அம்மா வேலையை ஆரம்பித்தாள். டின்னின் நாலு பக்கமும் மஞ்சள் பூசி, பெரிது பெரிதாகக் குங்குமம் வைத்தாள். பிறகு மஞ்சளில் நனைத்த புதுத் துணியால் டின்னை முழுக்கச் சுற்றி முடிச்சுப் போட்டு, அதன் மேலும் குங்குமம் வைத்து, முடிச்சில் ஒரு முழம் மல்லிகையைச் செருகினாள். மங்கலப் பொருளாகத்தான் அது வாசற்படி தாண்டும், இல்லையென்றால் தாண்டாது. எச்சரிக்கை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று நான் கத்திப் பார்த்தேன். தெருமுனை தாண்டியதும் துணியை அவிழ்த்துக்கொள் என்று நைனா ஜாடை காட்டினார்.

அவிழ்த்தேன். மண்டையோடு சிரிக்க, டின்னை மடியில் வைத்துக்கொண்டு பூந்தமல்லி பஸ்ஸில் உட்கார்ந்தேன். அங்கே பஸ் மாறிக் கிண்டிக்குப் போவதாகத் திட்டம். கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். கண்டக்டர் நெருக்கிக்கொண்டு வந்தார்.

"இன்னா தம்பி, டின்னு மேல படம்லாம் போட்டுக்கீற? லக்கேஜ் போடணும்."

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன் மாதிரி, எழுந்து நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். "இது தொற்றுப் பொருள். உள்ள நாய்த்தலை கீது. அந்த நாய்க்கு வெறியான்னு பார்க்க எட்த்துகினு போறேன். யாரும் பயப்பட வேணாம், சட்டப்படி கட்டிக்கீறேன்."

பயப்பட வேண்டாம் என்ற வார்த்தை யார் காதிலும் விழவில்லை. எனக்கு முன்சீட்டில் இருந்தவர் ஜன்னல் வழியாகப் பாதி வெளியே போய்விட்டார். ஒரு அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, மூச்சு உடாதீங்க, ஒட்டிக்கும்," என்று குரல் கொடுத்தாள். நிற்க இடமில்லாத பஸ்ஸில் என்னைச் சுற்றி ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு இடம் உண்டானது. டிரைவர் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, எல்லாருக்கும் முன்னால் அவர் இறங்கினார்.

"எறங்கு," என்றார் கண்டக்டர்.

"சட்டப்படி..."

"தம்பி, நீ சட்டப்படி கூட எறங்கு, எப்படியாச்சும் எறங்கு. மொதல்ல எறங்கு."

வெயிலில் ஏரிக்கரையில் நானும் மண்டையோடும் நின்றோம். அடுத்த பஸ் மண்டையோட்டைப் பார்த்து நிற்காமலே போனது. டின்னின் அடியில் ஈரம் தட்ட ஆரம்பித்தது. ஐஸ் கரைகிறது, தலை கெட்டால் பதில் கிடையாது, பதில் கிடையாது என்றால் அந்த மனுஷனுக்கு மொத்த ஊசியும் உண்டு, கமலாவின் கண்ணீரும் உண்டு. அன்றைக்கு முதல் முறையாகச் சட்டத்தை மடித்துப் பாக்கெட்டில் வைத்தேன். அம்மாவின் மஞ்சள் துணியை எடுத்து டின்னைப் பழையபடி சுற்றி, மல்லிகையைச் செருகினேன்.

அடுத்த பஸ் கை காட்டாமலே நின்றது. கண்டக்டரே டின்னுக்குக் கை கொடுத்தார். ஒரு அம்மாள் தன் பையனை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு எனக்கு இடம் கொடுத்தாள். "பொண்ணு ஊட்டு சீராப்பா?" என்று கேட்டு, டின்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என்ன பலகாரம் என்றாள். அதிரசம் என்றேன். நல்ல கனமாகச் செய்திருக்கிறார்கள் என்று பாராட்டினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பூந்தமல்லியில் இறங்கிக் கிண்டி பஸ்ஸைத் தேடும்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல். "தம்பி, சேக்காட்டுத் தம்பி."

மாப்பிள்ளையின் தாய்மாமன் கோதண்டம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருந்தார். ஆள் வந்ததுமே என் முகத்தைப் பார்க்கவில்லை, டின்னைத்தான் பார்த்தார்.

"சீரு கொணாந்துகினு வந்துட்டு, சொல்லாம கொள்ளாம ரோட்ல நிக்கிறியே. இன்னா சம்பந்தி நீங்கள்லாம்? குடு இப்படி."

"இல்ல மாமா, இது வேற..."

"வேறன்னா? மஞ்ச துணி கட்டிக்கீது, குங்குமம் வெச்சிக்கீது, பூந்தமல்லிக்கு வந்துக்கீது. வேற யார் ஊட்டுக்கு?"

என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் கல்யாணம் போச்சு. பொய் சொல்லவோ, எனக்கு அந்த வேகத்தில் வராது. நான் வாயைத் திறந்து மூடுவதற்குள் அவர் டின்னைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். எதிரே வந்தவர்களிடமெல்லாம், "பொண்ணு ஊட்ல அனுப்பிக்கீறாங்க," என்று வேறு சொல்லிக்கொண்டு போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

வீட்டில் மாப்பிள்ளையின் அம்மா ரங்கநாயகி அம்மாள் வாசலுக்கே வந்துவிட்டாள். கனத்த சரீரம், கனத்த குரல். டின்னை நடுக்கூடத்தில் சாமி படத்துக்கு முன் இறக்கச் சொல்லி, கற்பூரம் ஏற்றிச் சுற்றினாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். எனக்கு நாற்காலி, கையில் கலர் பாட்டில். தணிகாசலம் நைட் ஷிஃப்ட் முடிந்து வீட்டில்தான் இருந்தார். சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"குந்துடா," என்றாள் அம்மா.

"பரவால்லம்மா."

"ரெண்டு நாளா குந்தவே மாட்டேன்றான் தம்பி. கல்யாணக் களை," என்று என்னிடம் சிரித்தாள். தணிகாசலம் என் முகத்தைப் பார்த்தார். நான் டின்னைப் பார்த்தேன். அவரும் டின்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது, மனிதர் அப்படியே வெளுத்துவிட்டார்.

"சரி, தொறங்க பாப்போம்," என்றாள் ரங்கநாயகி அம்மாள்.

"கூடாது அத்தை," என்றேன். "எங்க பக்கம் ஒரு வழக்கம். முகூர்த்தத்துக்கு முன்னாடி தொறக்கக் கூடாது."

"சேக்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் நடுவுல இன்னா தனி வழக்கம்? சரி, அப்டியே இருக்கட்டும். பூஜை ரூம்புல வைக்கிறேன்."

"வைக்கவும் கூடாது. காட்டிட்டு எட்த்துகினு போயிடணும்."

கூடியிருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சீரைக் காட்டிவிட்டுத் திருப்பி எடுத்துப் போகிற குடும்பத்தை அவர்கள் அதுவரை கேள்விப்பட்டதில்லை. ரங்கநாயகி அம்மாளின் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து டின்னின் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாக வந்தது. ஐஸ் தண்ணீர் அம்மா வைத்த குங்குமத்தைக் கரைத்துக்கொண்டு, நல்ல சிவப்பாகத் தரையில் ஓடியது.

"இன்னா தம்பி, செவப்பா ஒழுவுது?"

"ஜீரா," என்றேன். (வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களிலேயே மட்டமானது அது.)

"ஜீராவா?" என்ற கோதண்டம் குனிந்து அதை விரலால் தொட்டார். தொட்ட விரலை வாய்க்குக் கொண்டு போனார்.

உள் டின்னை ஈயம் பற்ற வைத்து அடைத்தவன் நான்தான், அது வெறும் குங்குமத் தண்ணீர் என்று எனக்குத் தெரியும். ஆனால் தெரியும் என்பது வேறு, ஒரு மனிதர் அதை நக்கப் போவதைப் பார்த்துக்கொண்டு கலர் குடிப்பது வேறு. பற்ற வைத்ததில் ஒரு ஊசித் துளை விட்டிருந்தால்? என் உடம்பு எனக்கு முன்னால் பாய்ந்தது. நாற்காலி ஒரு பக்கம், கலர் பாட்டில் ஒரு பக்கம். அவர் கையைப் பிடித்துத் திருகி, அவரோடு சேர்ந்து தரையில் விழுந்து, கத்தினேன்.

"வாயில வைக்காதீங்க மாமா. நாய்த்தலை. உள்ள நாய்த்தலை கீது."

விழுந்த வேகத்தில் என் கால் பட்டு மஞ்சள் துணி விலகியது. நைனாவின் மண்டையோடு கூடம் முழுவதையும் பார்த்துச் சிரித்தது.

பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கி வாசற்படியில் போய் நின்றார்கள். ரங்கநாயகி அம்மாள் என்னைப் பார்த்த பார்வையில், செய்வினை வைக்க வந்தவன் என்றே முடிவு கட்டிவிட்டாள் என்று தெரிந்தது. நல்லவேளை, தணிகாசலம் வாயைத் திறந்தார்.

"அம்மா, அவரு மேல தப்பு இல்ல. என்னை நாய் கட்ச்சிடுச்சு. வெறி நாயான்னு பாக்கத்தான் எட்த்துகினு போறாரு."

"எங்கடா கட்ச்சுது?"

அவர் மெதுவாகத் திரும்பி நின்று காட்டினார். பெண்கள் எல்லாரும் உத்தரத்தைப் பார்த்தார்கள்.

"எந்த ஊட்லடா?"

"அவங்க ஊட்டுக் கொல்லையில. மெட்டி அளவு எடுக்கப் போனேன்."

அந்த அம்மாள் எழுந்து மகன் முதுகில் ஒன்று வைத்தாள். பளார் என்று வீடே அதிர்ந்தது. போச்சு, கல்யாணம் போச்சு, கமலா முகத்தில் எப்படி முழிப்பேன் என்று நான் தரையில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், அடித்த அதே கையால் மகனை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"ஊசி போட்டுகினியாடா?"

"போட்டுகினேம்மா. வயித்துல."

"தனியாவாடா போய்ப் போட்டுகின? என்கிட்ட சொன்னா நான் இன்னா உன்னக் கட்ச்சா துன்னுடுவேன்?"

பிறகு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "ஏன் எல்லாரும் மரம் மாதிரி நிக்கிறீங்க? ஐஸ் கரையுது பாரு. கோதண்டம், போய் ஒரு டாக்சி புடிச்சுகினு வாடா." சொல்லிக்கொண்டே டின்னை அவளே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

கிண்டி வரை டின் அவள் மடியில்தான் இருந்தது. ஒரு பக்கம் தணிகாசலம் ஒருக்களித்து உட்கார்ந்திருக்க, மறுபக்கம் நான். முன்சீட்டில் கோதண்டம் விரலை மட்டும் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டே வந்தார். வழியில் ஒரு குழாயடியில் சோப்பு வாங்கிப் போட்டுக் கழுவிய பிறகும் அந்த விரலை உள்ளே எடுக்கவில்லை.

ஆய்வுக்கூடத்தில் கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி டின்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முத்திரையை உடைத்தார், மரத்தூளை விலக்கினார், ஈயப் பற்றைத் தொட்டுப் பார்த்தார். ஐஸ் இன்னும் பாதி இருந்தது. "யார் இதைக் கட்டினது?" என்றார். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தேன்.

"ரொம்பச் சரியாகக் கட்டியிருக்கீங்க. இங்கே எல்லாரும் காய்கறிப் பையில கொண்டு வர்றாங்க. விதியைப் படிச்சு இப்படிக் கொண்டு வந்தவரை இப்பதான் பாக்கறேன்."

அன்றைக்குக் காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் எனக்கு மறந்துபோனது. பக்கத்தில் ரங்கநாயகி அம்மாள் இருக்கிறாளே, நன்றாகக் கேட்கட்டும் என்று அவள் பக்கம் திரும்பி நின்றேன்.

"எதுல கொண்டு வந்தீங்க?" என்று கேட்டார் அதிகாரி.

"பூந்தமல்லி வரைக்கும் பஸ்ல சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இதை பஸ்ல கொண்டு போகவே கூடாதுன்னு அடுத்த பக்கத்துல போட்டிருக்கே. அதைப் படிக்கலையா?"

படிக்கவில்லை. கட்டுகிற பகுதியிலேயே மயங்கிப்போய் அடுத்த பக்கத்தைத் திருப்பவே இல்லை. அதிகாரி பெருந்தன்மையாக மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. டின்னில் இருந்த குங்குமத்தைக் காட்டி இது எதற்கு என்று மட்டும் கேட்டார். "அது எங்க சம்பந்தி ஊட்டு மரியாதைங்க," என்றாள் ரங்கநாயகி அம்மாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. கல்யாணம் நிற்கவில்லை.

இரண்டொரு நாளில் டாக்டரம்மாவுக்குப் பதில் வந்தது. மணிக்கு வெறி இல்லை. வீட்டைக் காத்த நாய், அவ்வளவுதான். ஊசியை நிறுத்தினார்கள். செய்தி கேட்டதும் கமலா கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. மெட்டி போடக் குனியும் முன் தணிகாசலம் ஒரு முறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டார். விஷயம் தெரிந்த இரண்டு குடும்பமும் சிரித்ததில் மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

அதன் பிறகு எங்கள் சீர் டின்களைக் கொண்டு வந்து வரிசையாக வைத்தோம். ரங்கநாயகி அம்மாள் அதைத் தொடவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"தம்பி, ஒவ்வொண்ணா தொறந்து காட்டு. அப்புறம் ஒவ்வொண்ணுலேர்ந்தும் ஒண்ணு எட்த்து என் கண்ணு முன்னாடி துன்னு."

தின்றேன். முறுக்கு, அதிரசம், லட்டு, மனோகரம், எல்லாவற்றிலும் ஒன்று. அவள் திருப்தியாகத் தலையாட்டிய பிறகுதான் சீர் உள்ளே போனது.

அன்றைக்கு ஆரம்பித்தது இன்று வரை நிற்கவில்லை. இரண்டு குடும்பத்திலும் எந்தக் கல்யாணமானாலும், பெண் வீட்டுச் சீர் வந்ததும் பெண்ணின் அண்ணனோ தம்பியோ டின்னைத் திறந்து, சபை முன்னால் ஒன்றைத் தின்று காட்ட வேண்டும். அண்ணன் தம்பி இல்லாத பெண்ணுக்கு நான். சர்க்கரை வியாதி வந்த பிறகும் விடவில்லை. இந்த வருஷம் கமலாவின் பேத்தி கல்யாணத்தில், மாப்பிள்ளை வீட்டுப் பையன் ஒருவன் இதையெல்லாம் செல்போனில் படம் பிடித்துக்கொண்டே, இது எதற்காக என்று எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தியிடம் கேட்டான். அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது.

"அது ஆதி காலத்துலேர்ந்து எங்க வம்சத்து வழக்கம்ப்பா," என்றாள் அவள், ரொம்பப் பெருமையாக. "அந்தக் காலத்துல ராஜா ஊட்டுக் கல்யாணத்துலயும் இப்படித்தான் செய்வாங்களாம்."

நான் வாயில் அதிரசத்தோடு நின்றேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தணிகாசலம் (இப்போதெல்லாம் நன்றாகவே உட்காருகிறார்) என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"மச்சான், இன்னொண்ணு துன்னு. எனுக்கு இன்னும் நம்பிக்கை வர்ல."